உபரித் தொலைத்தொடர்புக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் முன்: கனெக்டரையும் மின்தேவையையும் கண்டறியும் வழி

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரு தலைமுறைக் கருவிகளைக் கழற்றிவிட்டு அடுத்த தலைமுறைக்கு மாறும்போது நுண்ணலை ரேடியோக்கள், செல்பேசி நிலையங்களின் பவர் ஆம்ப்ளிஃபையர்கள், ரூபிடியம் ஆசிலேட்டர்கள் (மிகத் துல்லியமான அலைவெண்ணைத் தருபவை), ஜிபிஎஸ் கடிகாரங்கள் போன்றவை பழைய இரும்போடு இரும்பாக வெளியே வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதற்கென்று கட்டப்பட்டவை என்பதால், வீட்டு உபயோகப் பொருள்களைவிடப் பல மடங்கு உறுதியானவை. கையேடு மட்டும் அவற்றுடன் வருவதில்லை. எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும், எது நேர்முனை, எது எர்த் என்பதை வாங்கியவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தத் தேடலை முதன்முறையாகச் செய்பவர்களுக்கானது. நான் பின்பற்றும் விதி ஒன்றுதான்: ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது ஒரே வோல்ட்டைக் காட்டும் வரை கருவிக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. பெயர்ப்பலகை ஒரு சான்று, உள்ளே இருக்கும் உதிரிப்பாகங்கள் இன்னொரு சான்று, இணையத்தில் கிடைக்கும் ஆவணம் மூன்றாவது சான்று. கனெக்டரின் வடிவத்தை மட்டும் நான் சான்றாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே கனெக்டரில் ஒரு நிறுவனம் 12 வோல்ட்டும் இன்னொரு நிறுவனம் 48 வோல்ட்டும் கொடுத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், 0.05 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர் காலிபர், நல்ல விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, மின்னோட்ட வரம்பை அமைக்கக்கூடிய பவர் சப்ளை ஆகியவை போதும். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைப்பது நல்லது, ஏனெனில் கழற்றிய பிறகு எந்த வயர் எங்கிருந்து வந்தது என்பது நினைவில் நிற்காது.

புதியவர்கள் தொடாமல் விட வேண்டியவை சில உண்டு. செயற்கைக்கோள் நிலையங்களிலிருந்து வரும் டிராவலிங் வேவ் குழாய் ஆம்ப்ளிஃபையர்களுக்குள் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். அவற்றை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். உயர் அலைவெண் பவர் டிரான்சிஸ்டர்களிலும் சில ரெசிஸ்டர்களிலும் வெள்ளைப் பீங்கானாகத் தெரிவது பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அந்தப் பாகங்களை உடைக்கவோ, அரத்தால் தேய்க்கவோ, துளையிடவோ கூடாது.

முதல் படி: வெளியே எழுதியிருப்பதை முழுவதும் படித்தல்

பெயர்ப்பலகையில் மாடல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்திவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் தவறு. மாடல் எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு வரும் எழுத்துகளும் எண்களும்தான் பெரும்பாலும் மின்தேவையைத் தீர்மானிக்கின்றன. ஹெச்பி நிறுவனத்தின் இசட்3801ஏ என்ற ஜிபிஎஸ் கடிகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செல்பேசி நிலையங்களில் ஓடிய அந்தப் பெட்டிகளில் சில 24 வோல்ட்டுக்கும் சில 48 வோல்ட்டுக்கும் அமைக்கப்பட்டவை. வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. எஃப்இ-5680ஏ என்ற ரூபிடியம் ஆசிலேட்டரும் அப்படித்தான். சந்தையில் அதிகம் புழங்கும் வகை ஒரு பின்னில் 15 வோல்ட்டும் இன்னொரு பின்னில் 5 வோல்ட்டும் கேட்கும், ஆனால் அதே பெயரில் வேறு பின் அமைப்பு உள்ள வகைகளும் உண்டு. ஆகவே இணையத்தில் ஒருவர் கொடுத்திருக்கும் பின் விவரம் உங்கள் கையில் உள்ள பெட்டிக்குப் பொருந்துமா என்பதை, பின்னொட்டு எண் உட்பட ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பெயர்ப்பலகை இல்லாவிட்டால் சட்டத்தின் பக்கவாட்டு, கழற்றக்கூடிய கார்டுகளின் முகப்பு, ஃபியூஸ் ஹோல்டரின் அருகே, மூடியின் உட்பக்கம் ஆகிய இடங்களில் தேடுங்கள். ஃபியூஸின் மீது பொறித்திருக்கும் ஆம்பியர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கருவி எடுக்கும் மின்னோட்டத்துக்கு அதுவே மேல் வரம்பு.

48 வோல்ட் என்றால் என்ன, அதன் முன்னால் உள்ள கழித்தல் குறி எதற்கு

தொலைபேசி நிலையங்கள் தொடக்க காலத்திலிருந்தே ஈய-அமில பேட்டரிகளில் ஓடியவை. 24 செல்களைத் தொடராக இணைத்தால் பெயரளவில் 48 வோல்ட் வரும். சார்ஜரோடு இணைந்திருக்கும் சாதாரண நிலையில் ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.25 வோல்ட் வீதம் அது 54 வோல்ட்டாக நிற்கும். மின்தடை ஏற்பட்டு பேட்டரி வடியும்போது 42 வோல்ட் அளவுக்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்படியே கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன. ஐரோப்பியத் தரம் 40.5 முதல் 57 வோல்ட் வரை என்று வரம்பு வகுத்திருக்கிறது. ஆகவே 48 என்று எழுதிய கருவிக்கு 54 வோல்ட் கொடுப்பதில் பிழையில்லை. அதுதான் அதன் அன்றாட உணவு. செல்பேசி நிலையங்கள் சிலவற்றில் 12 செல்களைக் கொண்ட 24 வோல்ட் அமைப்பு இருந்தது. அங்கே நேர்முனை உயிருள்ள முனையாக, அதாவது எர்த்தோடு பிணைக்கப்படாத முனையாக, இருப்பது வழக்கம், சார்ஜில் நிற்கும் அளவு 27 வோல்ட்.

கழித்தல் குறிக்குக் காரணம் நிலத்தடிக் கேபிள்கள். ஈரத்தில் கிடக்கும் செப்புக் கம்பி நிலத்தைவிட நேர்மின் நிலையில் இருந்தால் மின்பகுப்பினால் மெல்ல மெல்லக் கரைந்து போகும். அதைத் தடுக்கவே நேர்முனையை எர்த்தோடு பிணைத்து, எதிர்முனையை உயிருள்ள முனையாக வைத்தார்கள். கருவியின் முனையங்களில் கழித்தல் குறியோடு 48வி என்று எழுதியிருப்பது உயிருள்ள முனை; ஆர்டிஎன், பிஆர், 0வி என்று எழுதியிருப்பது திரும்பும் முனை, அதாவது நேர்முனை. ஏ, பி என்று இரண்டு ஜோடி முனையங்கள் இருந்தால் அஞ்ச வேண்டாம். ஒரு மின்வழி அறுந்தால் மற்றொன்றில் ஓடுவதற்கான ஏற்பாடு அது. சோதனைக்கு ஒரு ஜோடி போதும்.

கார், வானொலி, கணினி ஆகியவற்றில் பழகிய கை, கறுப்பு வயரை எதிர்முனை என்றே எடுத்துக்கொள்ளும். இங்கே கறுப்பு வயர் பல நேரங்களில் திரும்பும் முனையாக, அதாவது நேர்முனையாக இருக்கும். உயிருள்ள எதிர்முனை நீல வயரிலோ சிவப்பு வயரிலோ வரலாம். நிறத்தை நம்பாமல், முனையத்தில் எழுதியிருப்பதையும் மல்டிமீட்டர் காட்டுவதையும் மட்டுமே நம்ப வேண்டும். ஃபியூஸும் சுவிட்சும் உயிருள்ள முனையில், அதாவது எதிர்முனை வயரில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நுண்ணலை ரேடியோவின் உட்புறப் பெட்டியை (கட்டடத்துக்குள் வைக்கும் பகுதியை) முதன்முதலாக ஓட்டியபோது, என் பவர் சப்ளையின் எதிர்முனை எர்த்தோடு இணைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பெட்டியோ தன் திரும்பும் முனையைச் சேஸியோடு, அதாவது உலோகச் சட்டத்தோடு, உள்ளேயே பிணைத்திருந்தது. மின்சாரம் கொடுத்ததும் விளக்குகள் எரிந்தன, எல்லாம் சரியாகவே தெரிந்தது. பிறகு கணினியிலிருந்து சீரியல் கேபிளைச் செருகினேன். கணினியின் எர்த்தும் பெட்டியின் சேஸியும் அந்தக் கேபிளின் ஐந்தாம் பின் வழியாக ஒன்றாகி, முழு 48 வோல்ட்டும் அந்த மெல்லிய வயரில் குறுக்குச் சுற்றாகப் பாய்ந்தது. கேபிள் உருகியது, கணினியின் சீரியல் போர்ட் அன்றோடு போனது. அன்றிலிருந்து எந்த முனையும் எர்த்தோடு இணையாத, தனித்து மிதக்கும் வெளியீடு உள்ள சப்ளையையே பயன்படுத்துகிறேன். வேறு கேபிள் எதையும் செருகும் முன், கருவியின் சேஸிக்கும் ஒவ்வொரு மின்முனையத்துக்கும் இடையே மின்தொடர்பு இருக்கிறதா என்று அளந்துவிடுவதை நீங்களும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மின் கனெக்டர்களை அடையாளம் காணுதல்

மூன்று பின் கொண்ட வழக்கமான கணினிக் கேபிள் செருகும் இடம் இருந்தால் அது ஐஇசி சி14, 10 ஆம்பியர் வரை. சற்றுப் பெரிதாக, தட்டையான பின்களோடு இருந்தால் சி20, 16 ஆம்பியர். இவை வீட்டு மின்சாரத்துக்கானவை. அருகே சிவப்பு நிறத்தில் 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால், அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்த பிறகே கேபிளைச் செருக வேண்டும்.

பச்சை நிறத்தில், திருகுகளோடு, இழுத்தால் கழன்று வரும் முனையக் கட்டைகள் தொலைத்தொடர்புப் பெட்டிகளில் மிகுதி. இவற்றை வாங்கப் போகும்போது பின்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சரியாக அளந்து செல்ல வேண்டும், ஏனெனில் 5.00 மில்லிமீட்டரும் 5.08 மில்லிமீட்டரும் இரண்டு வெவ்வேறு பொருள்கள். அடுத்தடுத்த இரண்டு பின்களை மட்டும் அளந்தால் அந்த வித்தியாசம் தெரியாது. முதல் பின்னிலிருந்து கடைசிப் பின் வரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தெரிந்துவிடும்.

கணினியின் பழைய சீரியல் போர்ட்டைப் போன்ற டி வடிவக் கூட்டுக்குள், சிறு பின்களுக்குப் பதிலாக மூன்று தடித்த பின்கள் இருந்தால் அது 3டபிள்யூ3 எனப்படும் வகை. முதல் எண் மொத்தத் தொடுபுள்ளிகளையும், கடைசி எண் அவற்றில் தடித்தவை எத்தனை என்பதையும் சொல்கிறது. 7டபிள்யூ2 என்றால் ஏழில் இரண்டு தடித்தவை. தடித்த துளைக்குள் மின்பின்னும் வரலாம், கோஆக்சியல் பின்னும் வரலாம். விளக்கைப் பிடித்து உள்ளே பாருங்கள்: நடுவே மெல்லிய ஊசியும் சுற்றி உலோக வளையமும் தெரிந்தால் அது சிக்னலுக்கானது.

வெளிப்புறக் கருவிகளில் வரும் வட்டமான, மரையுள்ள உலோகக் கனெக்டர்கள் புதியவர்களை மலைக்க வைக்கின்றன. உண்மையில் இவை எளிதில் இனம் காணக்கூடியவை. எம்எஸ்3106ஏ18 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 18 என்பது கூட்டின் அளவு. அது ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு என்ற கணக்கில் மரையின் வெளிவிட்டத்தைக் குறிக்கிறது. 18 என்றால் ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீட்டர். எழுத்துகளெல்லாம் அழிந்துபோன கனெக்டரிலும் காலிபரால் மரையை அளந்து, 1.5875 மில்லிமீட்டரால் வகுத்தால் கூட்டின் எண் கிடைத்துவிடும். அடுத்து வரும் எண் பின்களின் அமைப்பைச் சொல்லும். இறுதியில் பி என்றால் ஊசிப் பின்கள், எஸ் என்றால் துளைகள். பின்களுக்கு எழுத்துப் பெயர்கள் இருக்கும், அவற்றில் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் விடப்பட்டிருக்கும். எண்ணிக்கை தவறாகிறதே என்று குழம்ப வேண்டாம்.

மின்சாரத்துக்கென்று தனிக் கனெக்டரே இல்லாத கருவிகளும் உண்டு. ஈதர்நெட் போர்ட் வழியாக மின்சாரம் எடுப்பவற்றில், 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் அனுப்பும் முனையில் 15.4 வாட் வரையும், 2009இல் வந்த 802.3ஏடி 30 வாட் வரையும், 2018இல் வந்த 802.3பிடி 90 வாட் வரையும் கொடுக்கின்றன. இவை கேபிளின் மறுமுனையில் இருப்பது யார் என்று கேட்டறிந்த பிறகே முழு மின்னழுத்தத்தை அனுப்பும். ஆனால் வயர்லெஸ் கருவிகள் பலவற்றில், எதையும் கேட்காமல் 24 வோல்ட்டை நேரடியாக 4, 5 பின்களில் நேர்முனையாகவும் 7, 8 பின்களில் எதிர்முனையாகவும் செலுத்தும் எளிய முறை இருக்கிறது. அப்படிப்பட்ட அடாப்டரைத் தெரியாமல் மடிக்கணினியில் செருகினால் அதன் நெட்வொர்க் போர்ட் எரிந்துபோகலாம்.

மூடியைத் திறந்து பார்த்தல்

பெயர்ப்பலகை அழிந்திருந்தாலும் சர்க்கியூட் போர்டு பொய் சொல்லாது. என் அனுபவத்தில் மிகுந்த பலன் தரும் படி இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

மின்முனையத்திலிருந்து உள்ளே செல்லும் பாதையைக் கண்ணால் தொடருங்கள். பொதுவாக முதலில் ஒரு ஃபியூஸ், பிறகு சிறு சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட வடிகட்டி, அதன்பின் தீப்பெட்டியிலிருந்து உள்ளங்கை வரையான அளவில் ஒரு கட்டை வரும். அந்தக் கட்டைதான் உள்ளே வரும் வோல்ட்டைக் கருவிக்கு வேண்டிய வோல்ட்டாக மாற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டர். அதன் தலையிலேயே உள்ளீட்டு வரம்பு எழுதியிருக்கும்: 36–75 வோல்ட் என்றால் 48 வோல்ட் கருவி, 18–36 வோல்ட் என்றால் 24 வோல்ட் கருவி. இதைக் கண்டுவிட்டால் தேடலில் பாதி முடிந்தது. வெளியீட்டில் 5 வோல்ட் 20 ஆம்பியர் என்றிருந்தால் 100 வாட். கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, உள்ளீட்டில் 48 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியருக்கு மேல் அது கேட்காது என்று கணக்கிட்டுவிடலாம்.

கன்வெர்ட்டரில் எழுத்து எதுவும் இல்லையா? உள்ளீட்டுப் பக்கம் நிற்கும் பெரிய மின்தேக்கியின் வோல்ட் அளவைப் பாருங்கள். வடிவமைப்பாளர்கள் உள்ளே வரும் மின்னழுத்தத்தைவிடத் தாராளமாகக் கூடுதல் அளவையே தேர்ந்தெடுப்பார்கள். 100 வோல்ட் மின்தேக்கி 48 வோல்ட் கருவியையும், 50 அல்லது 63 வோல்ட் மின்தேக்கி 24 வோல்ட் கருவியையும், 25 வோல்ட் மின்தேக்கி 12 வோல்ட் கருவியையும் சுட்டுகின்றன. 400 அல்லது 450 வோல்ட் என்றிருந்தால் அது வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டி. மின்தேக்கி வெறுமையாகிவிட்டதா என்று அளக்காமல் அதற்குள் விரலை விடக் கூடாது. இது ஊகத்துக்கு உதவும் சான்று மட்டுமே, தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. அந்த மின்தேக்கியின் உடலில் கோடிட்டுக் காட்டப்பட்ட எதிர்முனை, எந்த முனையத்தோடு தொடர்பு கொண்டிருக்கிறது என்று அளந்தால், மின்முனைகளின் திசையும் தெரிந்துவிடும்.

திசையை உறுதிப்படுத்த இன்னொரு வழியும் உண்டு. தலைகீழாக இணைத்தால் காப்பாற்றுவதற்கென்று பல பெட்டிகளில் ஒரு டையோடு இருக்கும். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து முனையங்களுக்கு இடையே இரு திசையிலும் அளங்கள். ஒரு திசையில் மட்டும் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டினால், அந்தத் திசையே பெரும்பாலும் தவறான திசை: முனையங்களுக்குக் குறுக்கே வைக்கப்படும் காப்பு டையோடு தலைகீழ் இணைப்பில்தான் கடத்தி ஃபியூஸை எரிக்கும்.

சிறிய உயர் அலைவெண் தொகுதிகளில் கன்வெர்ட்டர் இருக்காது. பக்கவாட்டுச் சுவரில் துளைத்துச் செல்லும் மின்தேக்கிகளும், உள்ளே மூன்று கால் ரெகுலேட்டர்களும் இருக்கும். 12 வோல்ட் தரும் 7812 இருந்தால் அதன் உள்ளீட்டில் குறைந்தது இரண்டு வோல்ட் கூடுதலாக வேண்டும், ஆகவே தொகுதி 15 வோல்ட் கேட்கிறது என்று கொள்ளலாம். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க வைத்தால் 78 வரிசையில் இடது கால் உள்ளீடு, நடுக்கால் எர்த், வலது கால் வெளியீடு. எதிர்மின் அழுத்தத்துக்கான 79 வரிசையில் இடது கால் எர்த், நடுக்கால் உள்ளீடு. அதன் உலோக முதுகும் உள்ளீட்டோடு இணைந்திருக்கும் என்பதால் சேஸியோடு தொடவிடக் கூடாது.

காலியம் ஆர்சனைடு டிரான்சிஸ்டர்களைக் கொண்ட நுண்ணலைப் பவர் ஆம்ப்ளிஃபையர்களில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். நேர்மின் அழுத்தத்தோடு, 5 வோல்ட் அளவில் ஓர் எதிர்மின் அழுத்தமும் கேட்கும் தொகுதியாக இருந்தால், எதிர்மின் அழுத்தத்தை முதலில் கொடுத்து, அது நிலைத்த பிறகே நேர்மின் அழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் டிரான்சிஸ்டர் அடங்காத மின்னோட்டத்தை இழுத்து நொடியில் எரிந்துவிடும். அணைக்கும்போது இதற்கு நேர் எதிரான வரிசை. செல்பேசி நிலையங்களின் எல்டிமாஸ் (ஒரு வகை சிலிக்கான் பவர் டிரான்சிஸ்டர்) ஆம்ப்ளிஃபையர்கள் பெரும்பாலும் 28 வோல்ட்டில் ஓடுபவை.

உயர் அலைவெண் கனெக்டர்கள்

இங்கே காலிபர்தான் ஆசிரியர். பெண் கனெக்டரின் வெளிமரையை அளங்கள். 6.35 மில்லிமீட்டர் என்றால் எஸ்எம்ஏ, 9.5 என்றால் தொலைக்காட்சிக் கேபிளில் பார்க்கும் எஃப் வகை, 11.1 என்றால் டிஎன்சி, 15.9 என்றால் என் வகை. 29 என்றால் 7/16 டின். மரையே இல்லாமல் இரண்டு காதுகளோடு சுழற்றிப் பூட்டுவது பிஎன்சி. புதிய செல்பேசிக் கருவிகளில் 7/16இன் இடத்தை 4.3-10 என்ற சிறிய வகை பிடித்திருக்கிறது. இந்த இரண்டிலும் பெயரில் உள்ள எண்கள் உள்கடத்தி, வெளிக்கடத்தி ஆகியவற்றின் விட்டத்தை மில்லிமீட்டரில் தருகின்றன.

மரையை மட்டும் அளந்து முடிவுக்கு வரவும் கூடாது. பழைய யுஹெச்எஃப் வகைக் கனெக்டருக்கும் என் வகைக்கும் மரை ஒன்றேதான். நடுப்பின்னைப் பாருங்கள்: யுஹெச்எஃப் வகையில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிப்பு, என் வகையில் 1.6 மில்லிமீட்டர். அந்த என் வகையிலேயே 75 ஓம் வடிவம் ஒன்று உண்டு. அதன் நடுப்பின் 0.9 மில்லிமீட்டர்தான். 50 ஓம் ஆண் கனெக்டரை 75 ஓம் பெண் கனெக்டரில் திருகினால், தடித்த பின் மெல்லிய துளையின் விரல்களைப் பிளந்துவிடும். அதன்பின் சரியான கேபிளைச் செருகினாலும் தொடர்பு நிற்காது. விலையுயர்ந்த அளவீட்டுக் கருவிகள் இப்படிக் கெட்டுப்போனதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் திருகுவதற்கு முன் உருப்பெருக்கியால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எஸ்எம்ஏவில் தலைகீழ் வகை ஒன்று இருக்கிறது. வழக்கமான எஸ்எம்ஏவில் வெளிமரை உள்ள பக்கத்தில் நடுவே துளை இருக்கும். தலைகீழ் வகையில் வெளிமரை உள்ள பக்கத்தில் நடுவே ஊசி இருக்கும். வைஃபை கருவிகளில் பரவலாகக் காணப்படும் இந்த இரண்டையும் ஒன்றோடொன்று திருகிவிடலாம், ஆனால் ஊசிக்கு ஊசியோ துளைக்குத் துளையோ சந்தித்து, சிக்னல் போகாது.

சதுர விளிம்பு வைத்த செவ்வக ஓட்டை இருந்தால் அது வேவ்கைடு, அதாவது நுண்ணலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய். விளிம்பை விட்டுவிட்டு, ஓட்டையின் உள் அகலத்தை அளங்கள். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு நுண்ணலை ரேடியோவின் தலைப்பகுதியில் அது 19.05 மில்லிமீட்டர் காட்டியது. 25.4ஆல் வகுத்தால் 0.75 அங்குலம், ஆகவே அது டபிள்யூஆர்-75, அதாவது 10 முதல் 15 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் அளவு. பெயரில் வரும் எண் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கைக் குறிக்கிறது என்பது தெரிந்தால் அட்டவணை இல்லாமலேயே பெயரைச் சொல்லிவிடலாம். 22.86 மில்லிமீட்டர் என்றால் டபிள்யூஆர்-90, 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ், 10.67 என்றால் டபிள்யூஆர்-42, 18 முதல் 26.5 கிகாஹெர்ட்ஸ். பெயர்ப்பலகை இல்லாத ரேடியோ எந்த அலைவரிசையைச் சேர்ந்தது என்பதை இந்த ஓர் அளவு சொல்லிவிடுகிறது.

கோஆக்சியல் கனெக்டரில் சிக்னல் மட்டுமே வரும் என்று நினைக்கக் கூடாது. கோபுரத்தின் மேலே இருக்கும் நுண்ணலை ரேடியோவுக்குக் கீழிருந்து செல்லும் ஒரே கேபிளில், சிக்னலோடு கூடவே 48 வோல்ட்டும் ஏறுகிறது. ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிளில் பெரும்பாலும் 5 வோல்ட் வரும், செயற்கைக்கோள் டிஷ்ஷின் முன் நிற்கும் ரிசீவர் தலையான எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட். ஆகவே உட்புறப் பெட்டி ஒன்றை ஓட்டியதும், ஸ்பெக்ட்ரம் அனலைசரை (அலைவெண்களை அளந்து காட்டும் கருவியை) இணைப்பதற்கு முன், ஒவ்வொரு கோஆக்சியல் கனெக்டரின் நடுப்பின்னையும் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். டிசி மின்னழுத்தத்தைத் தாங்காத அனலைசரின் முகப்பு அந்த ஒரு நொடியில் போய்விடும்.

மற்றக் கனெக்டர்கள்

இவற்றில் தவறினால் கருவிக்குப் பெரும்பாலும் சேதம் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பது பின் கொண்ட நீண்ட கனெக்டர் 25 ஜோடித் தொலைபேசிக் கேபிளுக்கானது. ஜோடியாக நிற்கும் சிறிய 75 ஓம் கோஆக்சியல் கனெக்டர்கள் பெரும்பாலும் விநாடிக்கு 2.048 மெகாபிட் செல்லும் இ1 இணைப்புக்கானவை. அதே இ1, 120 ஓம் வடிவில் ஆர்ஜே45 போன்ற துளையில் வரும்போது ஈதர்நெட்டாகத் தோன்றி ஏமாற்றும். தொலைபேசி இணைப்புப் பலகைகளில் மணியடிக்கும்போது 90 வோல்ட் வரை மாறுமின்னழுத்தம் வரும், தொலைவிலுள்ள ரிப்பீட்டர்களுக்கு மின்சாரம் அனுப்பும் கார்டுகளில் 100 வோல்ட்டைத் தாண்டும். அந்தப் பின்களில் கை வைக்காதீர்கள். ஒளியிழைக் கனெக்டரில் பச்சை நிறம் சாய்வாகத் தீட்டிய முனையைக் குறிக்கிறது, அதை நீல நிறத்தோடு இணைக்கக் கூடாது. ஓடும் கருவியின் ஒளியிழைத் துளைக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும்.

முதல் முறை மின்சாரம் கொடுத்தல்

சான்றுகள் ஒத்துப்போன பிறகு, டிரான்ஸ்மிட்டர் வெளியீடு இருந்தால் அதில் போதிய வாட் தாங்கும் 50 ஓம் டம்மி லோடைத் (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை உள்வாங்கும் ரெசிஸ்டரை) திருகுங்கள். ஆன்டெனாவை இணைக்க வேண்டாம். அந்த அலைவரிசைக்கு உரிமம் பெற்றவருக்கு மட்டுமே அது உரியது. முனையங்களுக்கு இடையே மின்தடையை அளந்து, குறுக்குச் சுற்று இல்லை என்று உறுதி செய்யுங்கள். அளக்கும்போது எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் மின்தேக்கி நிரம்புகிறது என்று பொருள். அது நல்ல அறிகுறி.

சப்ளையைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுவது பாதுகாப்பானது என்று பலர் சொல்வார்கள். பழைய மின்மாற்றிக் கருவிகளுக்கு அது சரி. டிசி-டிசி கன்வெர்ட்டர் உள்ள பெட்டியில் நடப்பது வேறு. 36–75 வோல்ட் கன்வெர்ட்டர் 33, 34 வோல்ட் வரை எதையும் எடுக்காமல் உறங்கும். பிறகு சட்டென்று விழித்து முழுச் சுமையையும் ஒரே மூச்சில் கேட்கும். அது கேட்பது மாறாத வாட் என்பதால், அழுத்தம் குறைவாக இருக்கும்போது மின்னோட்டம் அதிகமாக வேண்டும்: 120 வாட் கருவி 48 வோல்ட்டில் 2.5 ஆம்பியரும் 40 வோல்ட்டில் 3 ஆம்பியரும் எடுக்கும். உங்கள் வரம்பு ஒரு ஆம்பியரில் நின்றால், அழுத்தம் சரிந்து கன்வெர்ட்டர் அணையும், அழுத்தம் மீண்டும் ஏறும், மீண்டும் விழிக்கும். நொடிக்கு ஒரு முறை டிக், டிக் என்ற சத்தத்தோடு விளக்குகள் மினுக்குவதைப் பார்த்து, கருவி பழுது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. ஆகவே சப்ளையை முதலிலேயே 48 வோல்ட்டில் வைத்து, வரம்பைக் கணக்கிட்ட மின்னோட்டத்தைவிடச் சற்றே கூடுதலாக அமைத்து, ஃபியூஸ் ஒன்றையும் எதிர்முனை வயரில் சேர்த்த பிறகு இணைப்பைக் கொடுங்கள். இணைக்கும் நொடியில் மின்தேக்கிகள் நிரம்புவதால் சிறு பொறி வரலாம். சுவிட்ச் வைத்து இணைத்தால் கனெக்டரின் முனை கருகாது.

48 வோல்ட் சப்ளை கையில் இல்லாவிட்டால், வெளியீடு எர்த்தோடு இணையாத இரண்டு 24 வோல்ட் சப்ளைகளைத் தொடராக இணைக்கலாம், அல்லது நான்கு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக வைக்கலாம். பேட்டரிக்கு மின்னோட்ட வரம்பு கிடையாது என்பதால், அங்கே ஃபியூஸ் இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

மின்சாரம் ஏறியதும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கவனியுங்கள். ரூபிடியம் ஆசிலேட்டரும் அடுப்புள்ள கிரிஸ்டல் ஆசிலேட்டரும் தொடக்கத்தில் சூடேறுவதற்காக அதிகமாக எடுத்து, சில நிமிடங்களில் பாதிக்கும் கீழே இறங்கும். இறங்கினால் அடுப்பு வேலை செய்கிறது. மாறாக, மின்னோட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, சூடான பிசின் வாசனை வந்தாலோ உடனே அணையுங்கள். மின்விசிறிக் காற்றில் ஓடுவதற்கென்று கட்டப்பட்ட கார்டுகளை மேசையில் வெறுமனே வைத்து நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். ஒரு சிறு மேசை விசிறியாவது அவற்றை நோக்கித் திரும்பியிருக்கட்டும்.

எல்லாம் சரியாக ஓடினால், கருவியை அணைக்கும் முன்பே ஒரு சிறு தாளில் வோல்ட், தொடக்க மின்னோட்டம், நிலைத்த மின்னோட்டம், ஒவ்வொரு பின்னின் பணி, நேர்முனை எது, அந்த முனை சேஸியோடு இணைந்திருக்கிறதா இல்லையா ஆகியவற்றை எழுதி, மின்முனையத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.